மாசியில பிள்ளையளோட தூண்டில் போட அருவியாறு சரிவருமோ?

குருமன்காடு அம்மா:

வணக்கம். நாங்கள் வவுனியா. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. போன கிழமை மகள் பள்ளிக்கூடத்தால வந்து, "அம்மா, நீங்கள் சின்னனில மீன் பிடிச்சனீங்களோ?" எண்டு கேட்டாள். நான் முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில வளர்ந்தனான். விடியக் காலமை அப்பாவோட போய்த் தூண்டில் போடுவன். விரால் பட்ட அண்டைக்கு அம்மா அடுப்படியில பாட்டும் படிப்பா. என்ரை பிள்ளையள் மீனைச் சந்தைப் பலகையில மட்டும்தான் கண்டிருக்குதுகள். அண்டிரவு எனக்கு நித்திரையே வரேல்லை.

மாசிக் கடைசி ஞாயிறு ஒருநாள் போய்வர யோசிக்கிறம். மாமிக்கு மடு மாதாவைக் கும்பிடவேணும். அதால குஞ்சுக்குளம் தொங்குபாலப் பக்கம் போவம் எண்டு இவர் சொல்லுறார். மாமிக்கு முழங்கால் வருத்தம், கனதூரம் நடக்கமாட்டா. எனக்கு முதலைப் பயமும் இருக்கு. எங்க இருக்கிறது, எத்தனை மணிக்குப் போறது, என்ன கொண்டுபோறது? போய்வந்தவை விபரமாச் சொல்லுங்கோ.

செட்டிகுளம் தம்பி:

வடிவான இடம் அக்கா. தொங்குபாலத்தில நிண்டு படமெடுக்கலாம். பிள்ளையளை ஆத்தில இறக்கிக் குளிக்கவும் விடலாம், நல்லாச் சந்தோசப்படுவினம்.

ஆத்தங்கரையான்:

தங்கச்சி, குளிக்கிற கதையை விடுங்கோ. தம்பி கோவிக்கக் கூடாது, நான் அந்த ஆத்துக் கரையில இருக்கிறவன். 2010இல திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில இருந்தபோது எங்கட கறி முழுக்க அந்த ஆறுதான் தந்தது. அதில எனக்குப் பற்றும் இருக்கு, பயமும் இருக்கு.

அருவியாறு எண்டு நாங்கள் சொல்லுறதுதான் மேல மல்வத்து ஓயா. 164 கிலோமீற்றர் ஓடி, அனுராதபுரத்துக்கால வந்து, அரிப்பில கடலில விழுது. குஞ்சுக்குளத்துக்குக் கிட்ட இருக்கிற தேக்கம் அணையில மறிச்சுத்தான் கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணி திருப்புறது. இதை ஏன் சொல்லுறன் எண்டால், எங்கட பக்கம் வெயில் எறிச்சுக்கொண்டிருக்க, அனுராதபுரத்தில பெஞ்ச மழையில ஆறு கூடும். போன உடன தண்ணி விளிம்பில ஒரு தடியைக் குத்திவிடுங்கோ. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பாருங்கோ. தண்ணி தடியில ஏறினாலோ, நிறம் மாறிக் கலங்கினாலோ சாமானைக் கட்டுங்கோ. அணைக்குக் கீழ சுழி இருக்கு, அந்தப் பக்கம் பிள்ளையளைக் கொண்டுபோகவே வேண்டாம்.

முதலைப் பயம் நியாயமானது. வெயில் காய அது மணல் சரிவில ஏறும். ஆனபடியால் சரிவில இருக்காமல், மேட்டில மருதமர நிழல் பார்த்து இருங்கோ. தண்ணிக்கும் பிள்ளையளுக்கும் இடையில ஒரு பெரிய ஆள் நிக்கவேணும். மீனை அங்கயே வெட்டிக் குடலை ஆத்தில எறியாதேங்கோ, அந்த மணம் முதலையைக் கூப்பிடும்.

நாக்கிளிப்புழு வீட்டிலயே, வாழையடியில கிண்டி எடுத்துக்கொண்டு போங்கோ. ஆத்தங்கரைக் காட்டில மண்வெட்டி போடவேண்டாம். மிதிவெடிப் பயம்தான், வன்னியில உங்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. புழுவைத் தொடப் பிள்ளையள் அருவருத்தால் பாணை நனைச்சுப் பிசைஞ்சு, பயறளவில உருட்டுங்கோ. திலாப்பியா அதுக்கும் வரும். 1952இல வெளியில இருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது, இப்ப எந்தக் குளத்திலயும் அதுதான் கூட.

தடி நீளத்துக்குத் தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) காணும், அதுக்கு மேல விட்டால் பிள்ளையளுக்குச் சிக்கும். மிதப்புக்குப் பழைய பாட்டாச் செருப்பில ஒரு துண்டு வெட்டுங்கோ. கெளிறு பட்டால் பிள்ளையளைத் தொடவிடாதேங்கோ. முள்ளுக் குத்தினால் கை பொறுக்கிற சுடுதண்ணியில வைச்சிருக்கக் கடுப்பு இறங்கும், அதால பிளாஸ்கில சுடுதண்ணி இருக்கட்டும்.

வெளிச்சம் வந்தாப் பிறகு உள்ளுக்க போங்கோ, யானை நடமாட்டம் இருக்கு. ஏழு மணியில இருந்து பத்து மணி மட்டும் மீன் கொத்தும். பிறகு மாமியைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆவணித் திருவிழாச் சனமும் மாசியில இல்லை.

மல்லாவி ரீச்சர்:

ஐயா சொன்னதோட ஒண்டு. அந்தப் பக்கத்துக் காட்டில ஒரு பகுதி 2015இல மடு றோட் தேசிய பூங்கா ஆக்கினது. எல்லைப் பலகையைப் பார்த்து வெளியிலயே இருங்கோ, உள்ளுக்க மீன் பிடிக்கேலாது. கரையில உள்ள ஊர்ச் சனத்திட்டையும் ஒரு சொல் கேளுங்கோ. அவையின்ர வலை கிடக்கிற இடத்தில எங்கட தூண்டில் விழக்கூடாது. மாமிக்கு மடிக்கிற கதிரை ஒண்டு கொண்டுபோங்கோ. மலசலகூடம் மடுவிலதான் இருக்குமெண்டு நினைச்சுக்கொண்டு வெளிக்கிடுங்கோ.

குருமன்காடு அம்மா:

போய்வந்திட்டம். எல்லாருக்கும் நன்றி, ஐயாவுக்கு விசேசமா.

தடி குத்தினது மகன். அரை மணித்தியாலம் பொறுக்காமல் ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ஓடி வந்து "ஏறேல்லை அம்மா" எண்டு சொல்லிக்கொண்டிருந்தான். மகளுக்கு ஒன்பது மணி மட்டும் ஒண்டும் படேல்லை. முகம் சுருங்கி, தடியை என்னட்டத் தந்திட்டுப் போய் மாமியின்ர மடியில இருந்திட்டாள். நான் தடியைப் பிடிச்ச கொஞ்ச நேரத்தில மிதப்பு ஒருக்கா நடுங்கிச்சுது. எனக்குக் கை தெரிஞ்சிட்டுது, இருபத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகும். இழுக்காமல் அவளைக் கூப்பிட்டுக் கையில குடுத்தன். "இப்ப வேண்டாம்... இப்ப வேண்டாம்... இழு!" அப்பா எனக்குச் சொன்ன அதே சொல்லு என்ரை வாயால வந்தது. உள்ளங்கையளவு திலாப்பியா. மொத்தம் நாலு பிடிச்சம்.

மாமி, மீன் நாத்தத்தோட மாதாவிட்டப் போறதோ எண்டு கவலைப்பட்டா. கொண்டுபோன தண்ணியில தேசிக்காய் போட்டு எல்லாரும் கை கழுவினம், மீனை றெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டு மூடினம். வீட்ட வந்து உப்பும் பழப்புளியும் போட்டு உரஞ்சிக் கழுவ, சேத்து மணம் போட்டுது. பொரிச்சுப் புட்டோட சாப்பிட்டம். மகள் தான் பிடிச்சதை நாலாப் பிரிச்சு எல்லாருக்கும் வைச்சாள்.

ஐயா, ஒரு கேள்வி. தங்கூசி தடியில சுத்தி வைச்சதில சுருண்டுபோச்சு. புதுசு வாங்கத்தான் வேணுமோ?

ஆத்தங்கரையான்:

தேவையில்லை தங்கச்சி. இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஆளுக்கொரு நுனி பிடிச்சு மெல்ல இழுங்கோ, நேராகும். மற்ற நுனியை மகளிட்டக் குடுங்கோ.