வேலை பெர்மிட் மெடிக்கலில் பாஸ் ஆனாலும் ஹெபடைடிஸ் டெஸ்ட் தனி: உங்கள் அனுபவம் என்ன?

சிங்கப்பூர் துவாஸில் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் மொழிபெயர்க்கும் தன்னார்வலர்:

விடுதித் தம்பிகளோடு கிளினிக்குக்குத் துணைக்குப் போவேன். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி என்று பேச்செடுத்ததுமே, "அண்ணே, பெர்மிட்டுக்கு ரத்தம் எடுத்தப்பவே எல்லாம் பார்த்துட்டாங்க" என்பார்கள். அந்தப் பரிசோதனையில் பார்ப்பது காசநோய், எச்ஐவி, சிபிலிஸ், மலேரியா. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் அதில் இல்லை.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். அவருடைய அண்ணன் பி வைரஸ் முற்றி, கல்லீரல் புற்றுநோயில் இறந்தவர். "எனக்குக் கண்ணு மஞ்சளாகலையே, அம்மாவும் கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்துதான் வளர்த்தாங்க" என்றார். காமாலை வந்தால்தான் நோய் என்ற எண்ணம் நம்மவர்களிடம் அவ்வளவு ஊறிக் கிடக்கிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய பி வைரஸ் பல வருடங்கள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்கும் பார்க்கத்தான் வேண்டும்.

டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரிசல்ட் கம்பெனிக்குப் போகுமா?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்களிடம் மட்டும்தான் சொல்வேன்" என்றார். அப்புறம்தான் தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டார். பி இருந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. வேலைக்கும் போய்வருகிறார்.

2022-இல் வந்த வெளிநாட்டு ஊழியர் மருத்துவத் திட்டத்தில் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டி டாக்டரைப் பார்க்கலாம். ஆனால் இந்த டெஸ்ட்டை நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா:

1987 முதல் இங்கே பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் பி தடுப்பூசி உண்டு. நான் அதற்கு முன்னால் பிறந்தவள். மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த வழக்கமான ரத்தப் பரிசோதனையில்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் அத்தை எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது என்று தாதி ஒருவர் அவரையே உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். ரத்தம், உடலுறவு, பிரசவம், ஒரே சவரக்கத்தி, இவற்றால்தான் பரவும். மகளுக்குப் பிறந்த கையோடு இரண்டு ஊசி போட்டார்கள்: தடுப்பூசி ஒன்று, வைரஸை எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலின் ஒன்று. அவளுக்குத் தொற்றவில்லை.

ஹெராயினை விட்டு வந்த ஒருவர்:

எனக்கு ஹெபடைடிஸ் சி. ஒரே ஊசியைப் பலர் மாற்றிப் போட்ட காலத்தில் வந்தது. போதைப்பழக்கம் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே டாக்டர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தப் பயத்தில் கிளினிக் வாசலையே மிதிக்காதவர்களை எனக்குத் தெரியும். பழக்கத்தை விட்டுப் பல வருடம் கழித்துத்தான் நான் போனேன். முதல் டெஸ்ட், வைரஸ் எப்போதாவது உடம்புக்குள் வந்ததா என்று மட்டும் காட்டும். இப்போதும் இருக்கிறதா என்பது இரண்டாவது டெஸ்ட்டில்தான் தெரியும். முதலாவதோடு திரும்பிவிடாதீர்கள். 12 வார மாத்திரையில் எனக்குச் சரியாகிவிட்டது. நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. சி-க்குத் தடுப்பூசி கிடையாது, குணமான பிறகும் மறுபடி தொற்ற வாய்ப்புண்டு. என்னோடு உள்ளே இருந்த ஒருவரைச் சமீபத்தில் அழைத்துப் போனேன். அவருக்கு இரண்டாவது டெஸ்ட் ரிசல்ட் அடுத்த வாரம் வருகிறது.