யானை நாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

மண்டபம் டீச்சர்:
ஆகஸ்ட் 12 உலக யானை நாள். 2012-லிருந்து கொண்டாடுகிறார்கள். போன வருஷம் அன்றைக்கு எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியூர் உயிரியல் பூங்கா ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். பூங்காக்காரர்கள் யானையைக் குளிப்பாட்டினார்கள், தர்ப்பூசணி ஊட்டினார்கள், பாகன் அதன் கால் நகத்தை அரத்தால் ராவிக் காட்டினார். தரையில் கிடந்த ஒரே ஒரு வேர்க்கடலையை அது தும்பிக்கை நுனியால் எடுத்தபோது, "டீச்சர், அதுக்கு விரல் இருக்கு!" என்று ஒரு பெண் கத்தினாள். அவள் அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் கேள்வி ஓயவில்லை. இந்த வருஷமும் போகலாம் என்றேன். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அடைச்சு வச்ச யானையைக் காட்டி என்ன படிப்பு?" என்று கேட்டுவிட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தொண்டிக்காரன்:
கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், டீச்சர். யானைக்கு உயிரியல் பூங்கா ஏற்ற இடம் இல்லை, வனத்துறை யானை முகாம்களுக்கு மாற்றுங்கள் என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையமே 2009-ல் சொல்லிவிட்டது. நாளைக்கு நூற்றைம்பது கிலோ தின்று, மைல் கணக்கில் நடக்கிற உயிர் அது. சின்ன வயதில் நானும் ஒரு பூங்காவில் பார்த்தேன். ஒரு காலில் சங்கிலி. தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நின்றது. யானை ஆடுது பார் என்று எல்லோரும் கைதட்டினோம். அடைபட்ட யானை மனம் நொந்து அப்படி ஆடும் என்று பிற்பாடு தெரிந்தபோது அந்தக் கைதட்டல் உறுத்தியது. இன்றைக்கும் உறுத்துகிறது. நகம் ராவினார்கள் என்கிறீர்கள். காட்டில் நடந்தே தேயும் நகத்தை இங்கே ஏன் ராவ வேண்டியிருக்கிறது? பிள்ளைகளுக்கு அதைச் சொன்னார்களா?

கீழக்கரை காக்கா:
தம்பி, உங்க வேதனை புரியுது. ஆனா நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல யானைக்காடு எங்கே இருக்கு? பனையும் உடைமரமும்தான். இந்தப் பிள்ளைங்க யானையைப் பார்க்கணும்னா கோயில் வாசல், இல்லேன்னா பூங்கா. இனிமே கோயிலோ தனியாரோ புதுசா யானை வாங்கக் கூடாதுன்னு 2023-ல மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு, நல்ல தீர்ப்பு. ஆனா ஏற்கெனவே அடைபட்டுப் பழகின யானையைத் திடீர்னு காட்டுல விட முடியாது. அதுங்களை நல்லாப் பார்த்துக்கிட்டு, நாலு பேருக்குக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறது தப்பில்ல.

தொண்டிக்காரன்:
சொல்லிக்கொடுக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி, காக்கா. 2021 நவம்பரில் கோவை மதுக்கரை பக்கம் நவக்கரையில் ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. 2024-ல் அந்தப் பாதையில் செயற்கை நுண்ணறிவுக் கேமரா வைத்து, யானை தண்டவாளத்துக்கு வரும் முன்பே எச்சரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். யானையைக் காப்பாற்றுவது என்றால் அதுதான். தர்ப்பூசணி ஊட்டுவதைப் பார்த்த பிள்ளைக்குத் தண்டவாளமும் மின்வேலியும் தெரியவருமா?

பாம்பன் வலைக்காரன்:
நான் யானையைப் பத்திப் பெருசா அறியாதவன். ஆனா யானைக்கு ஒறவு நம்ம கடல்லயே கெடக்கு. ஆவுளியாவத்தான் சொல்றேன். கடல் பசுன்னு பேரே தவிர, அதுக்கு நெருங்குன சாதி யானைதானாம், அதிகாரிங்க கூட்டத்துல சொன்னாக. கெடாவுக்குக் கொம்பு இருக்கு, தாய்க்கு மடி முன்கைக்கு அடியில, யானை மாதிரியே. ஒரு ஈத்துக்கு ஒரு குட்டிதான்.

நாலு வருஷம் முன்ன எங்க திருக்கை வலையில ஒண்ணு சிக்குச்சு. அது மீன் இல்லையே, மேல வந்து மூச்சு வாங்கலேன்னா செத்துரும். வலையை அறுத்தோம். மூஞ்சி பூரா முள்ளு முள்ளா முடி. மூக்கத் தூக்கி ஒரு மூச்சு விட்டுச்சு பாருங்க, என் மூஞ்செல்லாம் தண்ணி. அப்புறம் தாழைப் பக்கமா முங்கிருச்சு. தாழைன்னா அது மேயுற கடல் புல்லு. எந்தப் பூங்காவுலயும் பாத்து நான் இரக்கப்படல.

கீழக்கரை காக்கா:
சரிதான்பா, ஆனா உங்களுக்கு அது கண்ணு முன்னாடி வந்துச்சு, அதனால வலையை அறுத்தீங்க. கண்ணால பார்க்காதவனுக்கு? 1959-ல நம்ம மண்டபம் ஊர்ல ரெண்டு ஆவுளியாவைத் தொட்டியில விட்டு, தாழை போட்டுப் பத்து வருஷத்துக்கு மேல வளர்த்தாங்க. அது எவ்வளவு தின்னும், எப்படி மூச்சு வாங்கும்னு கிட்ட இருந்து எழுதி வச்சாங்க.

தொண்டிக்காரன்:
அது ஆராய்ச்சி, காக்கா. திருவிழா இல்லை. ஆவுளியாவுக்கு இன்றைக்குக் கிடைத்திருக்கும் காப்பு தொட்டியிலா இருக்கிறது? 2022 செப்டம்பரில் நமக்கு வடக்கே, தஞ்சை, புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். தாழை மேயும் இடத்தைக் காத்தால் ஆவுளியா பிழைக்கும். காட்டையும் வழித்தடத்தையும் காத்தால் யானை பிழைக்கும்.

மண்டபம் டீச்சர்:
தொண்டித் தம்பி, நகம் ஏன் ராவுகிறார்கள் என்று எனக்கே தோன்றாமல் போனது. இந்த முறை பாகனிடம் பிள்ளைகளையே கேட்கச் சொல்கிறேன். ஆனால் போகிறோம். விரல் இருக்கு என்று கத்தியவள் அடுத்த நாள் நூலகத்தில் யானைப் புத்தகம் தேடினாள். அதை நான் கண்ணால் பார்த்தேன், விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

பாம்பன் அண்ணே, பூங்காவுக்குப் போகும் முன் ஒரு நாள் பிள்ளைகளை உங்கள் கரைக்குக் கூட்டி வரலாமா? அந்த வலையைக் காட்டி, இதையே சொல்லுங்கள்.

பாம்பன் வலைக்காரன்:
வாங்க டீச்சர். ஏழு மணிக்குள்ள வந்துருங்க, வெயில் ஏறுனா மணல்ல பிள்ளைக நிக்காது. அறுத்த எடத்துல புது நூல் போட்டுப் பொத்தியிருக்கேன், நெறம் வேறயாத் தெரியும்.

தொண்டிக்காரன்:
பூங்கா விஷயத்தில் என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. கரைக்கு நானும் வருகிறேன்.