திரையில் ஓடும் மின்னோட்டத்தை வைத்துச் செய்முறை எழுதலாமா?

வாவிக்கரை: "ஃபெட் சிமுலேஷன் (கணினித் திரையில் ஓடும் மாதிரிச் செய்முறை) காட்டத் தொடங்கியபிறகு என் தரம் 11 பிள்ளைகள் செய்முறை அறிக்கையை நன்றாக எழுதுகிறார்கள், ஆய்வுகூடம் தேவையில்லை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். எனக்கு மனம் ஆறவில்லை. 9 வோல்ற்றும் 10 ஓமும் போட்டால் திரை 0.90 அம்பியர் காட்டும். யார் போட்டாலும் அதே 0.90. எல்லாக் கொப்பியிலும் ஒரே எண். வழு, அதாவது அளவீட்டில் வரும் பிழை, எங்கே?

படுவான்கரையான்: அதை எழுதியவன் நான்தான். "ஆய்வுகூடம் இல்லாத இடத்தில்" என்றுதான் எழுதினேன், திரிக்க வேண்டாம். எங்களிடம் ஒழுங்காக வேலை செய்யும் அம்பியர்மானி ஒன்றுதான். முன்பெல்லாம் "மின்குமிழ் ஒளிர்ந்தது" என்பதோடு பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். இப்போது தடையைக் கூட்டினால் என்ன நடக்கும் என்று முதலில் எழுதச் சொல்கிறேன், அப்புறம்தான் ஓட்டிக் காட்டுகிறேன். "அழுத்த வேறுபாடு மாறவில்லை, தடை இரண்டு மடங்கானது, அதனால் மின்னோட்டம் பாதியானது" என்று ஒரு பிள்ளை தானாக எழுதினாள்.

வாவிக்கரை: வழு எங்கே என்று கேட்டேன். பதிலைக் காணவில்லை.

கல்லடி டீச்சர்: அண்ணா, அதே ஃபெட்டில் மின்கலத்துக்கு உட்தடை வைக்கலாம், கம்பிக்கும் தடை கூட்டலாம். 2002இல் அதைத் தொடங்கிய கார்ல் வீமன் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்றவர்.

வாவிக்கரை: நோபல் பரிசு வாங்கியவர் செய்தால் வழு வந்துவிடுமா? உட்தடை வேறு, வழு வேறு டீச்சர். கம்பியைத் தளர்வாகப் பிடித்தால் அம்பியர்மானியின் முள் ஆடும். இழை சூடேறச் சூடேற மின்குமிழின் தடை கூடும், வரைபு வளையும். அது ஏன் என்று எழுதத் தெரிந்த பிள்ளைதான் விஞ்ஞானம் எழுதும்.

காத்தான்குடி நானா: முள் ஆடியதைப் பார்த்த பிள்ளையும் டியூஷன் குறிப்பைப் பார்த்துத்தானே முடிவு எழுதுது?

வாவிக்கரை: டியூஷனை ஏன் இழுக்கிறீர்கள்?

காத்தான்குடி நானா: அந்தக் குறிப்பைக் கொடுக்கிறவரே நீங்கள்தானே. போன வருடமும் இதைக் கேட்டேன், ஓடி ஒளிந்தீர்கள்.

வாவிக்கரை: என் குறிப்பில் வழுவுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. வாங்கிப் பாருங்கள்.

படுவான்கரையான்: அதையும் பார்த்து எழுதத்தானே கொடுக்கிறீர்கள்! 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதையில் (மிதவைப் படகில்) ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடந்தவர்கள் நாங்கள். டவுனில் இருந்துகொண்டு எங்களுக்கு முள்ளாட்டம் சொல்ல வரவேண்டாம்.

வாவிக்கரை: பாலத்தைப் பற்றி யார் கேட்டது? முப்பது கொப்பியில் 0.90. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

படுவான்கரையான்: முதலில் நான் எழுதாத வரியை நீக்குங்கள்.

வாவிக்கரை: நீக்கமாட்டேன். உங்கள் பிள்ளைகளின் கொப்பிப் பக்கங்களைப் படமெடுத்துப் போடுங்கள். இரண்டு வாசிப்பாவது வேறுபடட்டும், பார்ப்போம்.