கிறிஸ்மஸுக்கு வீட்டோடயே இருக்கோம், என்ன பண்ணலாம்?

கும்பகோணம் பக்கம் கிராமம். வருஷா வருஷம் வேளாங்கண்ணி போயிடுவோம், இந்த தடவ அம்மாவுக்கு முட்டி வலி, கூட்டத்துல நிக்க முடியாது, அதனால 24 ராத்திரி பூசைக்கு ஊர் கோவில், மத்தபடி வீடுதான். பசங்களுக்கும் லீவு. நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க?

பதில் 1:
குடில் வைங்கக்கா, அதுலயே பசங்களுக்கு பொழுது போயிடும். ஒரு வாரம் முன்னாடியே தட்டுல மண்ணு போட்டு கேழ்வரகு தூவி தண்ணி தெளிச்சிட்டு வந்தா 24ஆம் தேதிக்கு வயலு மாதிரி பச்சையா நிக்கும். சம்பா அறுப்பு பொங்கலுக்குத்தான், அதனால குறுவை வைக்கோல் யார்கிட்டயாவது ஒரு கை வாங்கிக்குங்க. பாலன் இயேசு சொரூபத்த மட்டும் ராத்திரி பூசை முடிஞ்சு வந்து கடைக்குட்டி கையால வைக்க சொல்லுங்க, அவ்ளோ சந்தோஷப்படும்.

பதில் 2:
அம்மாவ உக்கார வச்சு கல்கல் பலகாரம் உருட்ட சொல்லுங்க, அவங்களுக்கும் மனசு நல்லாருக்கும். அச்சு முறுக்குன்னா அச்சு எண்ணெயில நல்லா காயணும், மாவுல முக்காவாசிதான் முக்கணும், முழுசா முங்கினா கழண்டு வராது. மழ ஈரத்துல சீக்கிரம் நமுத்துடும், ஆறினதும் டின்ல போட்டு மூடிடுங்க.

பதில் 3:
லீவு முடியறதுக்குள்ள ஒருநாள் தரங்கம்பாடி போயிட்டு வாங்க. 1718ல கட்டின புது எருசலேம் ஆலயம் இருக்கு, கடலும் பக்கத்துலயே.

கேட்டவர்:
கேழ்வரகு நாளைக்கே போட்டுடறேன், ரொம்ப நன்றிங்க!