சிப்பாடான் சீலாக் கூட்டம்: கிட்டப் போகும் முறை

மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள சிப்பாடான் தீவில் முழுகப் போகிறவர்கள் முதலில் இரண்டு பாரகுடாக்களைப் பிரித்தறிய வேண்டும். நம் கரையில் சீலா, ஊழி என்கிறோமே, அதே குடும்பம்தான். அங்குள்ள பாரகுடா முனை என்ற முழுக்கிடத்தில் நூற்றுக்கணக்கில் சுழல்வது, உடலில் குறுக்குக் கருங்கோடுகள் கொண்ட இனம். பவளத்திட்டுக்கு மேல் தனியாக, அசையாமல் நிற்பது பெரிய சீலா. அடிப்பக்கம் ஒழுங்கற்ற கரும்புள்ளிகள், வால்நுனி வெளுப்பு. பகலில் சுழலும் கூட்டம் வேட்டையில் இல்லை. நீரோட்டம் திட்டின் விளிம்பில் மோதுமிடத்தில் ஓய்வாக நிற்கிறது. இருட்டியதும் பிரிந்து இரைதேடும். ஆகவே கூட்டத்தைத் தேடுமுன் ஓட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று கைடிடம் கேளுங்கள்.

கிட்டப் போனதும் கூட்டம் கலைந்துவிடுகிறது என்று முழுகுபவர்கள் சொல்வது சரிதான். கூட்டம் கலைவதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். நேராக நடுவில் நீந்தினால் பிளந்துவிடும். அடியில் போய் நின்றாலும் நம் குமிழிகள் எழும்பிக் கூட்டத்தைக் கிழிக்கும். மீன்களின் ஆழத்திலேயே பக்கவாட்டில் நின்று, மெதுவாக மூச்சுவிட்டு, காலில் மாட்டிய ஃபின்னை (துடுப்பை) அடிக்காமல் ஓட்டத்தோடு மிதக்க வேண்டும். சுழல் தானாக விரிந்து நம்மைச் சுற்றிவரும். அந்த நேரத்தில்தான் ஆபத்தும்: கூட்டம் இறங்க இறங்க நாமும் அறியாமல் இறங்குவோம். பாடி (PADI) என்ற முழுக்குப் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி, சாதாரணக் காற்றில் முதல் முழுக்குக்கு 18 மீட்டரில் அதிகபட்சம் 56 நிமிடம் உண்டு. 30 மீட்டரில் 20 நிமிடம்தான். ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் முழுக்குக் கம்ப்யூட்டரை அடிக்கடி பாருங்கள். படமெடுப்பவர்கள் ஃபிளாஷைக் குறையுங்கள். வெள்ளிச் செதில் ஒளியைத் திருப்பியடித்துப் படம் வெளுத்துவிடும்.

பெரிய சீலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னாலேயே வந்தால் பயப்படாதீர்கள், அது வேவுபார்ப்பு. வாயை மெல்லத் திறந்து மூடுவதும் மிரட்டல் அல்ல. செவுளுக்கு நீர் செலுத்துகிறது. ஆனால் பதுங்கியிருந்து பாயும் மீன், மின்னுவதை இரையென்று எண்ணும். மோதிரம், சங்கிலி, பளபளக்கும் கடிகாரம் எல்லாம் படகிலேயே இருக்கட்டும். இரை கொடுத்துப் பழக்குவதுதான் பெரிய தவறு. பிறகு அது கையைத் தேடி வரும்.

2004 இறுதிக்குள் தீவிலிருந்த விடுதிகளை அகற்றியதும், நாளுக்கு இத்தனை பேர்தான் என்று அனுமதிச்சீட்டு வைத்ததும் மிக நல்ல காரியங்கள். ஆனாலும் தீவை மட்டும் காத்தால் போதாது. பெரிய சீலாவின் குஞ்சுகள் வளர்வது கரையோர அலையாத்தி வேர்களிலும் கடற்புல்லிலும். அங்கே மரம் வெட்டினால், திட்டுக்கு வந்துசேரும் மீன் குறையும்.