ஒரே குழந்தையோடு நிறுத்திக்கொள்வது பற்றி: தாய்மாமன் மடியிலிருந்து எழுந்த ஒரு கேள்வி

நொய்யல்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், வயது 34. எனக்கு நான்கு வயதில் ஒரே மகள். சென்ற மாதம் குலதெய்வக் கோவிலில் அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்தினோம். என் தம்பி அவளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தபோது, அருகில் நின்ற என் மாமியார், "நாளைக்கு இவள் பிள்ளைக்குக் காது குத்தும்போது மடி கொடுக்க மாமன் ஏது?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

என் பாட்டி ஒன்பது பிள்ளைகளைப் பெற்று ஆறு பேரை வளர்த்தார். என் அம்மாவுக்கு நானும் தம்பியும் மட்டுமே. எனக்கு இவள் ஒருத்தி. மூன்றே தலைமுறையில் இப்படிச் சுருங்கியது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல என்பது தெரியும். ஆனால் யாரும் கட்டாயப்படுத்தாமல் இத்தனை வேகமாக இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை யாராவது விளக்க வேண்டும். மேடைகளில் இப்போது அதிகப் பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று தலைவர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படிக் கேட்டு எந்த நாட்டிலாவது மக்கள் பெற்றுக்கொண்டார்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பழைய செவிலி:

என் மகளுக்கும் உன் வயதுதான். ஆகையால் உன்னை மகளே என்றே அழைக்கிறேன். சேலம் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளை பெறும் வயதில் உள்ள தம்பதியரைக் குறிக்கும் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்த காலத்தில், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் தங்கினார்கள் என்று தனித்தனியாகக் குறிப்போம். உன் பாட்டியின் ஒன்பதுக்கும் ஆறுக்கும் இடையில் இருக்கும் அந்த மூன்றில்தான் உன் கேள்விக்கான முதல் பதில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறு பேருக்கு மேல் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தார்கள். 2020-இல் அந்த எண் 13. பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு, காப்புக்காகக் கூடுதலாகப் பெறும் வழக்கம் தானாகவே நின்றது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற வாசகமும் எல்லாச் சுவர்களிலும் இருந்தன. இலக்கு முறை 1996-இல் கைவிடப்படும் வரை, மாதம் இத்தனை அறுவை சிகிச்சைக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்ற நெருக்கடி எங்களைப் போன்ற செவிலியர்கள் மீது இருந்தது. அதனால் சில பெண்களை அவர்கள் மனம் முழுதாக ஒப்பும் முன்பே அழைத்துச் சென்றோம் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. ஆயினும் நான் பார்த்தவரை, பெரும்பாலான பெண்கள் எங்கள் பேச்சைக் கேட்டு முடிவெடுக்கவில்லை. கணவருக்கும் மாமியாருக்கும் தெரியாமல் துணைச் சுகாதார நிலையத்தின் பின்வாசலில் வந்து நின்று, "மூன்றாவது வேண்டாம், ஏதாவது வழி சொல்லுங்கள்" என்று கேட்டவர்கள் அவர்கள். 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தால் மகள்கள் பள்ளியில் நீடித்தார்கள். நீடித்தவர்கள் தாமதமாக மணந்தார்கள்; தம் பிள்ளைகளை இன்னும் கூடுதலாகப் படிக்க வைக்க எண்ணினார்கள். கருத்தடையைப் பெண்ணின் விடுதலையோடு சேர்த்துப் பெரியார் எழுதிய காலத்தில், உடல்நலத்துக்காகவும் வறுமை ஒழிப்புக்காகவும் மட்டுமே அதைப் பேசியவர்களே அதிகம். நான் சந்தித்த பெண்களில் பலர் அவர் எழுத்தைப் படித்ததே இல்லை. ஆனாலும் அவர்கள் சொன்ன காரணம் அவர் சொன்ன காரணமாகவே இருந்தது.

இந்த மாற்றத்தின் சுமையை யார் சுமந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்களோ நூற்றில் ஒன்றுகூட இல்லை. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களுக்குக் கட்டாயமாகச் செய்யப்பட்ட கருத்தடைக்குப் பிறகு ஆண்களிடம் அந்தப் பேச்சையே எடுக்க முடியாமல் போனது. இன்னொன்று, சிறிய குடும்பம் வேண்டும் என்ற விருப்பமும் ஆண் பிள்ளை வேண்டும் என்ற பிடிவாதமும் ஒரே வீட்டில் சேர்ந்தபோது பெண் சிசுக்கள் உயிரிழந்தார்கள். 1992-இல், வேண்டாத பெண் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் எங்கள் சேலத்தில் தொடங்கப்பட்டதன் காரணம் அதுதான். ஒரே மகளோடு நிறுத்திக்கொள்வது பற்றி நீ எழுதக்கூடிய காலம் வந்தது எனக்குச் சிறிய செய்தி அல்ல.

புள்ளியியல் ஆசிரியர்:

அம்மா அவர்கள் எழுதியதற்குப் பிறகு நான் எண்களை மட்டும் சேர்க்கிறேன். ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரியை மொத்தக் கருவள விகிதம் என்பார்கள். ஒரு தலைமுறை தன்னளவிலேயே அடுத்த தலைமுறையை விட்டுச்செல்ல அது 2.1 ஆக இருக்க வேண்டும். ஆண் குழந்தைகள் சற்றே அதிகமாகப் பிறப்பதாலும் சில பெண்கள் தாய்மை வயதை எட்டும் முன் இறப்பதாலும் அந்தக் கூடுதல் 0.1 தேவைப்படுகிறது. தமிழ்நாடு அந்த நிலையை 1990களிலேயே கடந்துவிட்டது. 2019-21 குடும்பநல ஆய்வு 1.8 என்றும், பிறப்பு இறப்புகளை ஆண்டுதோறும் கணக்கிடும் மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கை 1.4 என்றும் கூறுகின்றன. இரண்டும் வெவ்வேறு வழியில் கணக்கிடுவதால் வேறுபடுகின்றன. எதை எடுத்துக்கொண்டாலும் 2.1-க்குக் கீழேதான்.

1.4 என்பதன் பொருளை இப்படிப் பாருங்கள். நூறு பெண்களுக்கு 140 குழந்தைகள் பிறந்தால் அவர்களில் ஏறக்குறைய 68 பேர் பெண்கள். அதே போக்கு நீடித்தால் அந்த 68 பேருக்கு ஏறக்குறைய 46 மகள்கள். நூறு பாட்டிகளுக்கு 46 பேத்திகள் என்ற இந்தக் கணக்கு உடனே கண்ணுக்குத் தெரியாது. 1970களிலும் 80களிலும் பிறந்தவர்கள் ஏராளமாக இருப்பதால், பிறப்பு குறைந்த பின்னும் மொத்த மக்கள்தொகை முப்பது நாற்பது ஆண்டுகள் ஏறிக்கொண்டே இருக்கும். ஓடும் பேருந்தின் எஞ்சினை அணைத்த பிறகும் அது சிறிது தூரம் ஓடுவது போன்றது அது. அதற்குள் மாறுவது வயதின் அமைப்பு. அறுபது வயதைக் கடந்தவர்கள் தமிழ்நாட்டில் 2011-இல் நூற்றுக்குப் பத்துப் பேர்; 2031-இல் அது பதினெட்டாகும் என்று மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்திருக்கிறது. திருப்பூரில் உங்களைச் சுற்றித் தைப்பவர்களில் எத்தனை பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2019-21-இல் பீகாரின் கருவள விகிதம் 3. நம் ஊரில் பிறக்காத பிள்ளைகளின் இடத்தை அங்கே பிறந்தவர்கள் நிரப்பத் தொடங்கி வெகு காலம் ஆகிவிட்டது.

காவிரிப்படுகை:

இதை இவ்வளவு அமைதியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. மக்களவைத் தொகுதிகள் மக்கள்தொகையை வைத்தே மாநிலங்களுக்குப் பகிரப்படுகின்றன. 1967-இல் தமிழ்நாட்டின் தொகுதிகள் 41-இலிருந்து 39 ஆயின. 1976-இல் கொண்டுவந்த அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தமும் பின்னர் 84-ஆவது திருத்தமும் சேர்ந்து, மாநிலங்களுக்கு இடையிலான பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின் அளவிலேயே 2026 வரை நிறுத்தி வைத்தன. அந்தத் தடை நீங்கிய பிறகு, சொன்னதைக் கேட்டுக் குடும்பத்தைச் சுருக்கிய மாநிலம் குரல் இழக்கும், கேட்காத மாநிலம் குரல் பெறும் என்றால் அது எந்த வகை நீதி? நம் மக்கள் இன்னும் ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்வதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

புள்ளியியல் ஆசிரியர்:

உங்கள் மனக்குறை நியாயமானது, ஐயா. ஆனால் அதற்கான தீர்வு நாடாளுமன்றத்தில் பேசிப் பெற வேண்டியது. இந்தச் சகோதரியின் கருப்பையில் அதைத் தேடுவது முறையாகாது. பெண்கள் பெற்றுக்கொள்ள முன்வந்தாலும், பிறப்புகள் எண்ணிக்கையை மாற்றும் அளவுக்குச் சேர இன்னொரு தலைமுறை ஆகும்.

தேக்கா வாசகன்:

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்குச் சிங்கப்பூரிலிருந்து பதில் சொல்கிறேன். இங்கே அரசு இரண்டு பக்கமும் முயன்று பார்த்துவிட்டது. 1966-இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென ஒரு வாரியம் அமைத்தார்கள். 1972-இல் இரண்டோடு நிறுத்துங்கள் என்ற பிரசாரம் தொடங்கியது. அடுத்தடுத்த பிள்ளைக்கு மருத்துவமனைக் கட்டணம் கூடியது. பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறைந்தது. நான்காவதாகப் பிறந்த என்னைப் பள்ளியில் சேர்க்க அப்பா அலைந்த கதையை அம்மா இன்றும் சொல்வார். 1970களின் நடுவிலேயே கருவளம் ஈடு நிலையான 2.1-க்கு இறங்கிவிட்டது.

பிறகு அச்சம் வந்தது. 1984-இல் பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை என்றார்கள். மக்கள் கொதித்ததால் அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். 1987-இல், வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்று வாசகமே தலைகீழானது. 2001 முதல் குழந்தை பிறந்தால் ரொக்கம் தருகிறார்கள். தொகையைப் பல முறை உயர்த்தியும் விட்டார்கள். அத்தனைக்கும் பிறகு 2023-இல் விகிதம் 0.97. 2024-இல் இங்குள்ள 60.4 லட்சம் பேரில் குடிமக்கள் 36.4 லட்சம் மட்டுமே. மற்றவர்கள் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டினரும். குறைக்கச் சொன்னபோது மக்கள் கேட்டதன் காரணம், அவர்களே அந்தத் திசையில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள் என்பதுதான். கூட்டச் சொன்னபோது பிள்ளையின் படிப்புச் செலவும் வீட்டு விலையும் தாயின் வேலை நேரமும் அப்படியே இருந்தன. தென் கொரியா இதைவிடப் பெருந்தொகை செலவிட்டும் 2023-இல் 0.72-இல் நின்றது.

பழைய செவிலி:

மகளே, ஒன்றைச் சொல்ல மறந்தேன். நம் முறையில் உன் சித்தி மகனும் பெரியம்மா மகனும் உன் மகளுக்கு மாமன்களே. அதேபோல் உனக்கு அக்காளோ தங்கையோ இருந்து அவளுக்கு மகன் இருந்தால், நாளை உன் பேரப்பிள்ளைக்கு அவனே மடி கொடுப்பான். உனக்கு இருப்பது தம்பி ஒருவன் என்பதால் அந்த வழி இல்லை. ஆனால் உன் கணவருக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால், அவர்களுடைய மகன்கள் உன் மகளுக்கு அண்ணன் தம்பிதானே?

நொய்யல்கரை:

அனைவருக்கும் நன்றி. கணவருக்கு ஓர் அண்ணன் உண்டு. அவருக்கு ஏழு வயதில் ஒரு மகன் இருக்கிறான். மாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, அந்தப் பையனுடைய பிள்ளைக்கு அத்தை முறையில் நிற்கவும் என் மகள் ஒருத்திதானே இருப்பாள் என்று கேட்டார். அந்தக் கணக்கை நான் போட்டிருக்கவில்லை.

இரண்டாவது வேண்டாம் என்று நாங்கள் உறுதி எடுத்ததில்லை. மகள் பிறந்தபோது 26 வார விடுப்பு கிடைத்தது. அதன் பிறகு அவளை விடுவதற்கு இடம் இல்லாமல் என் அம்மா ஊரை விட்டு இரண்டு ஆண்டு இங்கே வந்து தங்கினார். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இலேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் நிறுவனத்தில் அதற்கென ஒதுக்கிய அறையில் இப்போது நூல் கோன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. மறுபடியும் அவரை அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அறையைத் திறந்து தரும்படி எங்கள் பிரிவில் உள்ள ஏழு பெண்களும் சேர்ந்து கையெழுத்திட்டு நேற்று ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.