புதுப்பிப்பு: காணாமற்போன பத்திரக் கோப்புகள்

திருவையாற்று நிலத்தின் தாய்ப்பத்திரம், பட்டா ஆகியவற்றை ஸ்கேன் செய்து மேகச் சேமிப்பில் (இணையவழிச் சேமிப்பிடத்தில்) வைத்திருந்த கோப்புறை மறைந்துவிட்டதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது. மடிக்கணினியில் இடம் போதவில்லையென்று தங்கை மகன் அக்கோப்புறையை அழித்திருக்கிறான். கணினியில் இருப்பது வேறொரு பிரதி என்று அவன் நினைத்தது தவறு. எல்லாக் கருவிகளிலும் கோப்புகளை ஒன்றுபோல வைக்கும் ஒத்திசைவு (sync) இயங்கும்போது ஓரிடத்தில் அழித்தால் மேகத்திலும், இணைந்துள்ள மற்றக் கருவிகளிலும் அழிந்துவிடும். என்னைக் கேட்டால், ஒத்திசைவைக் காப்புப்பிரதி என்று நம்புவதே முதற்பிழை, அப்பிழை என்னுடையதும்தான்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஆகியவற்றின் தனிநபர் கணக்குகளில் அழித்தவை 30 நாள்களே குப்பைத்தொட்டியில் இருக்கும். நான் திறந்து பார்த்தது 27ஆம் நாள், பெரும்பாலானவை மீண்டன. அதற்கு முன்பே அழிந்திருந்த இரண்டு பத்திரங்களை மட்டும் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தேன். ஒன்றில் எல்லை விவரம் இருந்த ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது.

இப்போது ஒரு பிரதி தனி ஹார்டு டிஸ்கில், கும்பகோணத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறது. தவிர, 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கக்கூடும் என்பதால், அப்பாவின் பழைய கணக்கிலும் உள்நுழைந்து வைத்தேன்.